பின் சக்கரம் கோர்ப்பது பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே வேலைக்குப் போக, வர சைக்கிளையே நம்பியிருப்பவர்கள் நிறைய. அவர்களில் சிலர் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடும் பாகம்) இல்லாத ஃபிக்ஸட் சைக்கிளுக்குப் பின் சக்கரத்தை வீட்டு மேசையிலேயே கம்பி போட்டுக் கோர்த்துக்கொள்கிறார்கள். உனக்கும் ஆசை என்று எழுதியிருந்தாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். ஃபிக்ஸடில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். மிதிக்கும் விசையும், வேகம் குறைக்கக் காலால் எதிர்க்கும் விசையும் ஹப்பில்தான் வந்து விழும். அதனால் ஃபிக்ஸடுக்கான ட்ராக் ஹப்பில் இரண்டு மரை இருக்கும். பல்சக்கரம் ஏறுவது வலது மரை; வலப்பக்கம் திருப்பினால் இறுகும். அதற்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில், பல்சக்கரத்தைப் பூட்டும் வளையமான லாக் ரிங்குக்கு இடது மரை; இது இடப்பக்கம் திருப்பினால் இறுகும். எதிர்த்து மிதிக்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும்; அந்த அசைவே லாக் ரிங்கை இறுக்கிவிடும். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பிலும் இந்தப் பல்சக்கரம் ஏறும், ஆனால் இடது மரை இருக்காது. பசை போட்டு ஒட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. இறக்கத்தில் கழன்றால் காலுக்குக் கட்டுப்பாடே இருக்காது. முன் பிரேக்கையும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதே.

அடுத்து கம்பி நீளம். ரிம்மின் எதிரெதிர் துளைகளில் இரண்டு கம்பிகளை நிப்பிளோடு (கம்பி முனையில் ஏறும் சிறு மரைத் தொப்பி) விட்டு இழுத்துப் பிடித்து, ஒரு நிப்பிள் தலையிலுள்ள திருப்புளி வெட்டிலிருந்து மறு நிப்பிளின் வெட்டுவரை அள. அது 600 மி.மீ., ஹப் தட்டில் (கம்பிகள் மாட்டும் ஓர வட்டு) துளை வட்டத்தின் விட்டம் 60, ஹப்பின் நடுவிலிருந்து தட்டுக்கு 35 என்றால், 36 துளையில் மூன்று குறுக்குக்கு (ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும் முறை) 287 மி.மீ. கம்பி வரும். நீளம் கூடினால் முனை நிப்பிளைத் தாண்டி ட்யூபைக் குத்தும். குறைந்தால் நிப்பிள் தலை பிய்ந்துபோகும்.

கோர்க்கும்போது கம்பி மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு. ஒவ்வொரு தட்டிலும் 18 துளை. வலத்தட்டில் ஒன்று விட்டு ஒன்றாக 9 கம்பியை, தலை வெளியே தெரியும்படி விடு. முதல் கம்பி வால்வுத் துளைக்கு அடுத்த வலப்பக்கத் துளைக்கு. மற்றவை ரிம்மில் நாலு துளைக்கு ஒன்று. இடத்தட்டிலும் அப்படியே. பிறகு ஹப்பைத் திருப்பு. முதல் கம்பி வால்வை விட்டு விலகிச் சாய்ந்தால் சரி; வால்வுப் பக்கமாகச் சாய்ந்தால் பின்னால் பம்பு வைக்க இடம் கிடைக்காது. மீதி 18 கம்பியைத் தலை உள்ளே இருக்கும்படி விட்டு, எதிர்ப்பக்கம் சாய்த்து, இரண்டு கம்பிக்கு வெளியேயும் மூன்றாவதற்கு உள்ளேயும் கொண்டுபோ.

எல்லா நிப்பிளையும் ஒரே அளவு இறுக்கு. அவசரப்பட்டால் இங்கேதான் வேலை கெடும். மேடு பள்ளத்தை முதலில் எடு, பக்கவாட்டுக் கோட்டத்தை அப்புறம். ரிம் இடப்பக்கம் நகர வேண்டுமானால் இடத்தட்டுக் கம்பியை இறுக்கி, வலத்தட்டுக் கம்பியைத் தளர்த்து. ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டு, அதே அளவு பின்னுக்கு விடு. இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழி. டிக் டிக்கென்று சத்தம் வந்தால் முறுக்கு விடுகிறது என்று அர்த்தம். பிறகு கோட்டம் மறுபடி பார். ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டினால் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாக ஒலித்தால் அதன் பக்கத்துக் கம்பி தேவைக்கு மேல் சுமக்கிறது.

பல்சக்கர மரைக்கு கிரீஸ் தடவி, செயின் சாவியால் (பல்லில் மாட்டும் செயின் துண்டு வைத்த பிடி) நன்றாக இறுக்கு. பிறகு லாக் ரிங். மேடான சாலையில் ஒருமுறை அழுத்தி மிதித்தால் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறும். திரும்பி வந்து லாக் ரிங்கை மறுபடி இறுக்கு. இதை மட்டும் விட்டுவிடாதே.

ட்ராக் ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மி.மீ. உன் சைக்கிள் சட்டத்தில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளியையும், ரிம் துளைகளின் எண்ணிக்கையையும் அளந்து எழுது. அது வந்த பிறகு கம்பி நீளத்தைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை கம்பி வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்