டைவிங் படகில் ராத்திரி சார்ஜ் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் கட்டுரை எதை எடுத்தாலும் "யுனிவர்சல் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதோடு கரண்ட் விஷயம் முடிந்துவிடுகிறது. உங்கள் பயணப் பக்கமும் விலக்கில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். அடாப்டர் பிளக் பொருந்தத்தான் உதவும், வோல்டேஜை மாற்றாது. பலாவ் என்ற பசிபிக் தீவு நாடு, பிலிப்பைன்ஸ் இரண்டிலும் தட்டையான இரண்டு பின் சாக்கெட் உண்டு, பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் பலாவில் வருவது 120 வோல்ட், பிலிப்பைன்ஸில் 220. ஃபோன், லேப்டாப் சார்ஜர்கள் இரண்டையும் தாங்கிவிடும். டைவ் டார்ச்சோடு வரும் மலிவான சார்ஜரை அப்படி நம்ப முடியாது. அதன் முதுகில் பொடி எழுத்தில் இன்புட் 100-240 என்று இருக்கிறதா என்று ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள், ஒரே ஒரு எண்தான் இருக்கிறது என்றால் போகிற ஊரின் வோல்டேஜ் அதுதானா என்று தெரியாமல் செருகாதீர்கள்.

சரி, இது சின்ன விஷயம். படகிலேயே ஒரு வாரம் தங்கி டைவ் செய்யும் பயணங்களில் பெரிய தலைவலி வேறு. கேபினில் ஒன்றோ இரண்டோ பாயின்ட்தான் இருக்கும், ஆளாளுக்கு கேமரா, ஸ்ட்ரோப் என்ற கேமரா ஃபிளாஷ், டார்ச், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், ஃபோன். அதனால் சலூனில், அதாவது படகின் பொதுக்கூடத்தில், ஒரு மேஜையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி எல்லாரும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். தண்ணீரிலிருந்து ஏறி வந்தவர் வெட்சூட்டை இடுப்பு வரை உரித்துவிட்டு, பேட்டரி ஏறியாச்சா என்று அந்த மேஜை மேல் குனிவார் பாருங்கள், தொங்கும் கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக சாக்கெட் மேலேயே விழும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவு அருகே கன்செப்ஷன் என்ற டைவிங் படகு எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் பற்றியது என்று விசாரணையில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, சலூனில் சார்ஜில் கிடந்த பேட்டரிகளும் சந்தேகத்தில் இருந்தன. ஆனால் ராத்திரி விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை என்பதில் சந்தேகமே இல்லை, அதனால்தான் தீ அவ்வளவு தூரம் பரவும் வரை யாருக்கும் தெரியவில்லை. கேப்டனுக்கு 2024இல் நான்கு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. விபத்து நடந்த சில நாளிலேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை, லித்தியம் பேட்டரிகளை ஆள் பார்க்காமல் சார்ஜ் போடுவதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதையும் குறைக்கச் சொன்னது. அப்புறமும் தூங்கப் போகும்போது கேமரா பேட்டரியைச் செருகிவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்குப் போகவில்லை. பகலில் இரண்டு டைவுக்கு நடுவே எவ்வளவோ நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், அப்போது போட்டால் என்ன?

வீட்டில் இருக்கும், வோல்டேஜ் திடீரென எகிறினால் காப்பாற்றும் சர்ஜ் புரொடெக்டர் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். கப்பல் வயரிங் வீட்டு வயரிங் மாதிரி இருக்காது, இரண்டு கம்பியிலுமே கரண்ட் இருக்கலாம், ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் பாக்ஸ் அங்கே சூடாகித் தீப்பிடிக்கலாம்.

விமானத்தில் பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட் ஹவர் வரை பொதுவாகப் பிரச்சினையில்லை. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் ஹவர்தான். டார்ச் பேட்டரிகளைக் கழற்றி முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். பெட்டிக்குள் தானாக ஆன் ஆகும் டைவ் டார்ச் கொதிக்கிற கொதிப்பு சாதாரணமில்லை.

படகை புக் செய்வதற்கு முன் சாப்பாடு எப்படி, ஏசி உண்டா என்று பத்து கேள்வி கேட்கிறோம். அதோடு, சார்ஜ் போடும் இடம் எங்கே, தூங்கும் இடத்திலிருந்து வெளியே வர வேறு வழி இருக்கிறதா, ராத்திரி யார் காவல் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் நான் வேறு படகு பார்ப்பேன். அடுத்த முறை டைவிங் பற்றி எழுதும்போது இந்தக் கேள்விகளையும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்