கிளெண்டா ஜாக்சன்: அந்த 23 ஆண்டுகள் வீண்போனவையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சனைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு மேடைக் கலைஞருக்கு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் 1992 முதல் 2015 வரை அவர் நாடாளுமன்ற உறுப்பினராகப் பணியாற்றிய காலத்தைக் கட்டுரையாளர் இரண்டே வரிகளில் முடித்துவிட்டு, அவற்றை 'நடிப்புலகம் இழந்த ஆண்டுகள்' என்று வருணித்திருக்கிறார். திரையில் அவரைப் பார்க்க முடியாமற்போன ரசிகரின் ஆதங்கம் என்ற அளவில் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் அந்த வாழ்க்கையை முழுவதுமாக எடுத்துப் பார்ப்பவருக்கு, நாடாளுமன்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த நடிகையை அந்த 23 ஆண்டுகளிலிருந்து பிரித்தெடுக்க இயலாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றின் மறுகரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1936 மே 9 அன்று பிறந்தவர் அவர். தந்தை கொத்தனார், தாயார் கடை வேலை, துப்புரவு வேலை என்று கிடைத்ததைச் செய்து குடும்பத்துக்குத் துணைநின்றவர். நான்கு பெண்களில் மூத்தவரான கிளெண்டா, பள்ளியை விட்டதும் பூட்ஸ் நிறுவனத்தின் மருந்துக் கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். பொழுதுபோக்காகச் சேர்ந்த ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில்தான் நடிப்பு அவரைப் பற்றிக்கொண்டது. 1954இல் லண்டனில் 'ராடா' என்று அழைக்கப்படும் நாடகக் கலைக் கழகத்தில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அழகுப் பதுமை வேடங்களுக்கு ஏற்ற முகம் அவருக்கு இல்லை, குணச்சித்திர வேடங்களே பொருந்தும், எனவே 40 வயதுக்கு முன் பெரிதாக வாய்ப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அங்கேயே அவரிடம் சொல்லப்பட்டது. 1957இல் மேடையேறிய பிறகு வந்த ஆண்டுகள் அந்த ஆரூடத்தைப் பொய்யாக்கவில்லை. சிற்றூர் நாடக அரங்குகளில் இரவில் ஒரு நாடகம், பகலில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை, ஆள் குறைந்தால் மேடை நிர்வாகமும் அவர் தலையில்; வேலை இல்லாத மாதங்களில் நாடகத்துக்குத் தொடர்பில்லாத பிழைப்பு. 'ஒரே இரவில் உச்சம் தொட்டவர்' என்று தங்கள் கட்டுரை எழுதியிருப்பது இந்த ஏழு ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாமல்தான்.

1964இல் இயக்குநர் பீட்டர் புரூக், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவின் ஆதரவில் நடத்திய சோதனை அரங்குக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 'மரா/சாத்' நாடகம். ஒரு மனநலக் காப்பகத்தின் நோயாளிகள் பிரெஞ்சுப் புரட்சியின் கொலை ஒன்றை நடித்துக்காட்டுவதாக அமைந்தது அது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான மராவைக் கொல்லும் ஷார்லட் கார்டேயின் வேடத்தை ஏற்ற நோயாளியாக ஜாக்சன் நடித்தார். காப்பகத்தில் இருந்தபடி அந்த நாடகத்தை நடத்தும் எழுத்தாளன் சாத், தன்னைச் சவுக்கால் அடிக்கச் சொல்லும் காட்சியில் அவர் கையில் சவுக்கே இல்லை. நீண்ட தலைமுடியைச் சுழற்றிச் சுழற்றி அவன் முதுகின்மேல் வீசினார். வலியை உண்டாக்கும் கருவி எதுவும் கண்ணில் படாததாலேயே அந்த அடி பார்வையாளர்மேல் விழுந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறிய பின் 1967இல் அது திரைப்படமாகவும் வந்ததால், அந்தக் காட்சியை இன்றும் பார்க்க முடிகிறது. இடையில் 1965இல் 'ஹாம்லெட்' நாடகத்தில் அவர் ஒஃபீலியாவாக நடித்தபோது, இந்த ஒஃபீலியா ஹாம்லெட்டையே நடிக்கத் தகுந்தவர் என்ற பொருளில் ஒரு விமர்சகர் எழுதினார். பாராட்டாகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு வேறு விதத்தில் பலித்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

திரைப்படங்களைப் பற்றிக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருப்பதால் நான் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். கென் ரஸ்ஸல் இயக்கிய 'விமன் இன் லவ்' முதல் ஆஸ்கரையும், 1973இல் வந்த 'எ டச் ஆஃப் கிளாஸ்' இரண்டாவது ஆஸ்கரையும் பெற்றுத் தந்தன. இரண்டு விழாக்களுக்கும் அவர் போகவில்லை. சிலைகள் தாயாரின் வீட்டுக்குச் சென்றன. தாயார் துடைத்துத் துடைத்தே பொன்முலாம் போய்விட்டது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. 1971இல் பிபிசி ஒளிபரப்பிய 'எலிசபெத் ஆர்' தொடரில் முதலாம் எலிசபெத் அரசியை இளமை முதல் மரணம் வரை நடிப்பதற்காக, பொய்த்தோல் ஒட்டிக்கொள்ள மறுத்து, முன்தலை முடியை மழித்துக்கொண்டார். அதே ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் கிளியோபாட்ராவாக வந்து தன்னைத்தானே கேலிப்பொருளாக்கிக்கொள்ளவும் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. அதைப் பார்த்த இயக்குநர்தான் இரண்டாவது ஆஸ்கர் படத்துக்கு அவரை அழைத்தார். கட்டுரையில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லண்டனின் புறநகர் வீடொன்றில் அத்தையுடன் வாழ்ந்த கவிஞர் ஸ்டீவி ஸ்மித்தை அவர் மேடையிலும், 1978இல் திரையிலும் நடித்தார். பெரும்பாலும் ஒரே அறைக்குள், தேநீருக்கும் பேச்சுக்கும் இடையில் நகரும் 'ஸ்டீவி' என்ற அந்தப் படத்தையே அவருடைய திரை நடிப்பின் உச்சம் என்று நான் கருதுகிறேன். ஆஸ்கர் கிடைத்த படங்களைவிட அதில் அவர் செய்வது மிகக் குறைவு. காட்டுவதோ மிக அதிகம்.

இப்படிப்பட்டவர் 55 வயதில் நடிப்பை ஏன் விட்டார்? இரண்டு காரணங்களை அவரே பலமுறை கூறியிருக்கிறார். சமகால நாடகாசிரியர்களுக்குப் பெண்கள் சுவாரசியமானவர்களாகத் தோன்றுவதில்லை, பெண் பாத்திரம் எப்போதும் ஓர் ஆணின் கதைக்குத் துணையாகவே எழுதப்படுகிறது என்பது முதலாவது. இந்தக் குறையை எண்பது வயதிலும் மாறாமல் சொன்னார். இரண்டாவது காரணம் கன்சர்வேடிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் ஆட்சி. சமூகம் என்று ஒன்று இல்லை என்று தாட்சர் கூறியதைக் கேட்ட ஆத்திரத்தில், மூடியிருந்த கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளப் பார்த்தேன் என்று அவர் சொன்ன கதை பிரிட்டனில் பலருக்கும் தெரிந்தது. கொத்தனாரின் மகள் உதவித்தொகையில் படித்து மேலே வந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு தன்னைப் போன்றவர்களுக்கு அமைத்துக்கொடுத்த ஏணி தன் கண்முன்னால் பிடுங்கப்படுவதாக அவர் உணர்ந்தார்.

1992 பொதுத்தேர்தலில் வடக்கு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் – ஹைகேட் தொகுதியைக் கன்சர்வேடிவ் கட்சியிடமிருந்து தொழிற்கட்சிக்காகக் கைப்பற்றினார். நடிகர்கள் அரசியலுக்கு வருவது நம் வாசகர்களுக்குப் புதுமையல்ல என்பதால், இவர் வந்த விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உறுப்பினரான நாள் முதல் நடிப்பை முற்றாக நிறுத்தினார். ஓய்வுநேரப் படமோ, கௌரவ வேடமோ எதுவும் கிடையாது. தொகுதி மக்களின் வீட்டுவசதி மனுக்கள், உதவித்தொகைச் சிக்கல்கள் ஆகியவற்றோடு காலம் கழிந்தது. 1997இல் டோனி பிளேர் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறையின் இளநிலை அமைச்சரானார். லண்டன் மேயர் தேர்தலில் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட விரும்பி 1999இல் பதவி விலகினார். அந்த வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அமைச்சராக அவர் பெரிதாக எதையும் சாதித்ததாகச் சொல்ல முடியாது. உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் அவருடைய சுபாவம் அமைச்சுப் பதவிக்குப் பொருந்தியிருக்குமா என்பதே சந்தேகம்தான். ஆனால் பதவி எதுவும் இல்லாத சாதாரண உறுப்பினராகப் பின்வரிசைக்குத் திரும்பிய பிறகு, சொந்தக் கட்சியின் தலைமையை எதிர்க்கும் துணிவு அவரிடம் வெளிப்பட்டது. 2003இல் இராக் போருக்கு எதிராக நின்றார்; மாணவர் கல்விக் கட்டண உயர்வையும் எதிர்த்தார். 2010இல், எல்லை மாற்றியமைக்கப்பட்ட ஹாம்ப்ஸ்டெட் – கில்பர்ன் தொகுதியில் வெறும் 42 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆஸ்கர் புகழ் அள்ளிக் கொண்டுவந்து கொட்டிய வாக்குகள் அல்ல அவை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

2013 ஏப்ரலில் தாட்சர் மறைந்தபோது நாடாளுமன்றம் இரங்கல் கூட்டத்துக்காகக் கூடியது. தொழிற்கட்சி உறுப்பினர்கள் பலர் வராமலே இருந்துவிட்டனர். வந்தவர்களிலும் பலர் நயத்தக்க சொற்களோடு அமர்ந்தனர். ஜாக்சன் எழுந்தார். பழைய கட்டுகள் அவிழ்ந்த நூல்களை ஒட்டுநாடா கொண்டு சேர்த்து வைத்திருந்த பள்ளிகள், நடைவழிகளில் தள்ளுபடுக்கைகளில் நோயாளிகள் கிடந்த மருத்துவமனைகள், இரவில் லண்டன் கடைகளின் வாசல்களில் படுத்துக்கிடந்த வீடற்றவர்கள் என்று தம் தொகுதியிலும் நகரத்திலும் கண்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். பேராசை, சுயநலம், நலிந்தவரைப் பற்றிய அக்கறையின்மை என்று எவற்றைத் தீயகுணங்கள் எனத் தமக்குக் கற்பித்தார்களோ, அவை அந்த ஆட்சியில் நற்குணங்கள் ஆயின என்றார். எதிர்வரிசையில் கூச்சல் எழுந்தது. இரங்கல் நேரத்தில் இப்படிப் பேசலாமா என்று ஓர் உறுப்பினர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப, அவர் பேச்சில் விதிமீறல் எதுவும் இல்லை என்று அவைத்தலைவர் தீர்ப்பளித்தார். இறந்தவரை நினைவுகூரும் நாளில் அப்படிப் பேசியது பண்பாடா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. நான் இங்கே குறிப்பிட வருவது வேறு. அந்தக் காணொளியைப் பார்ப்பவர்கள் கூச்சல் உயர உயர அவர் குரல் உயராமல், சொற்கள் மட்டும் இன்னும் தெளிவாக அறுத்து வைக்கப்படுவதைக் கேட்கலாம். சிற்றூர் அரங்குகளில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

2015 தேர்தலில் போட்டியிடாமல் விலகியபோது அவருக்கு வயது 78. கட்டுரையாளர் எழுதியுள்ளதுபோல் ஷேக்ஸ்பியரின் 'லியர்' நாடகத்தோடு அவர் நடிப்புக்குத் திரும்பவில்லை. அதற்கு முன்பே, 2015இல், பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவின் நாவல்களைத் தழுவிய பிபிசி வானொலி நாடகத்தில் நடித்துவிட்டார். 2016இல் லண்டன் ஓல்டு விக் அரங்கில், டெபோரா வார்னர் இயக்கத்தில், 25 ஆண்டுகளுக்குப் பின் மேடையேறியபோது ஏற்ற வேடம் லியர் மன்னன். எண்பது வயதுப் பெண் ஒருவர், உடல்வலுவும் நினைவாற்றலும் மிகுதியாகத் தேவைப்படும் அந்த ஆண் வேடத்தை ஏற்றதைப் பலர் வியந்தார்கள். அவரோ அதைப் பெரிய அதிசயமாகக் கருதவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக முதியோர் இல்லங்களுக்குப் போய்வந்தபோது, வயது ஏற ஏற ஆண், பெண் என்ற எல்லைக்கோடுகள் மங்கிப்போவதைக் கவனித்ததாகவும், லியருக்கு அதுவே தமக்கு வழிகாட்டியதாகவும் பேட்டிகளில் விளக்கினார். எந்த நடிப்புப் பள்ளியிலும் இதை அவர் கற்றிருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புயலில் வெட்டவெளியில் நிற்கும் லியர், தலைக்குமேல் கூரையில்லாத ஏழைகளை முதன்முறையாக நினைத்து, ஆட்சியில் இருந்தபோது இவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே கவலைப்பட்டேன் என்று வருந்தும் இடம் ஒன்று நாடகத்தில் வருகிறது. பல நடிகர்கள் அதைக் கடவுளை நோக்கிய முறையீடாக்கிவிடுவது வழக்கம். கடைவாசல்களில் படுத்திருந்தவர்களைப் பற்றி மூன்றாண்டுகளுக்கு முன் நாடாளுமன்றத்தில் பேசிய ஒருவர் வாயில் அந்த வரிகள் வரும்போது, அவை ஓர் ஆட்சியாளனின் ஒப்புதல் வாக்குமூலமாகவே ஒலிக்கும். இதை நான் அவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன் என்று யாரேனும் கருதலாம். ஆனால் அந்த 23 ஆண்டுகளை வாழ்ந்திராத ஒரு ஜாக்சன் இந்த லியரைத் தந்திருக்க முடியும் என்று என்னால் நம்ப இயலவில்லை.

அதற்குப் பின் வந்தவற்றைக் கட்டுரை பட்டியலிட்டுள்ளது: 2018இல் எட்வர்டு ஆல்பியின் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்காக 82 வயதில் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது, 2019இல் நியூயார்க்கில் மீண்டும் லியர், அதே ஆண்டு மறதிநோயால் பாதிக்கப்பட்ட மூதாட்டியாக 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' தொலைக்காட்சிப் படம், அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது. மறதிநோய் கொண்டவர்களைத் திரையில் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டுவதே வழக்கமாக இருக்க, அவர் நடித்த மாட் என்ற அந்த மூதாட்டி கோபக்காரி, பிடிவாதக்காரி, தன்னை யாரும் நம்பவில்லை என்பதை அறிந்து கொதிப்பவள். அவளைப் போன்றவர்களின் மனுக்களை எத்தனையோ முறை கேட்டவருக்கே அந்தக் கொதிப்பு கைவரும். 2023 ஜூன் 15 அன்று லண்டனில் தமது 87ஆம் வயதில் அவர் காலமானார். மைக்கேல் கெய்னுடன் நடித்த 'தி கிரேட் எஸ்கேப்பர்' அதன்பின்னரே திரைக்கு வந்தது.

கட்டுரையின் தலைப்பில் உள்ள 'இரு முறை ஆஸ்கர் வென்றவர்' என்ற அடைமொழியில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. இந்தத் தொடரைத் தாங்கள் நூலாக வெளியிடவிருப்பதாக அதே இதழில் அறிவித்திருக்கிறீர்கள். அப்போது அந்த இரண்டு வரிகளை நீக்கிவிட்டு, ஹாம்ப்ஸ்டெட் தொகுதிக்கும் 2013ஆம் ஆண்டு உரைக்கும் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கவும், 'ஸ்டீவி' படத்தையும் 2015 வானொலி நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளவும் கட்டுரையாளரிடம் எடுத்துரைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்