மூன்று பாடவேளை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளில் இன ஆய்வுப் பாடம் (லத்தீனோ, கறுப்பின, ஆசிய, பூர்வகுடி மக்களின் வரலாறு) கட்டாயமாகிவிட்டது என்று சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம். 2021-இல் கையெழுத்தான சட்டம், அரசு நிதி ஒதுக்கினால்தான் நடைமுறைக்கு வரும். 2025 பட்ஜெட்டில் அந்த நிதி ஒதுக்கப்படவில்லை. தனிப்பாடம் வரட்டும் என்று காத்திருக்கும் பள்ளிகளில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) வரலாறு இலை ஓரத்து ஊறுகாயாகவே இருந்துவிடும்: செப்டம்பர் 15 முதல் ஒரு மாதம் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம் என்று கொடி, டாக்கோ, நடனம். செப்டம்பர் 15-தான் குவாத்தமாலா முதலான ஐந்து மத்திய அமெரிக்க நாடுகளின் விடுதலை நாள், மறுநாள் மெக்சிகோவுடையது என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை. மே 5-ஐ மெக்சிகோவின் விடுதலை நாள் என்று சொல்லித்தருவோரும் உண்டு. அது 1862-இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள்.

11-ஆம் வகுப்பு அமெரிக்க வரலாற்றிலேயே இதற்கு இடமிருக்கிறது. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பியதை எதிர்த்து எங்கள் ஆரஞ்ச் கவுண்டியில் நடந்த மென்டெஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கை எடுத்துக்கொண்டால் மூன்று பாடவேளை போதும்.

முதல் நாள் வரைபடம். 1848 உடன்படிக்கையில் மெக்சிகோ அமெரிக்காவிடம் இழந்த நிலத்தையும், 1917-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற போர்ட்டோ ரிக்கோவையும் மாணவர்களே வண்ணமிடட்டும். வழக்குத் தொடுத்த கொன்சாலோ மென்டெஸ் மெக்சிகோவில் பிறந்தவர், மனைவி ஃபெலிசிடாஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். லத்தீனோ என்றால் மெக்சிகோக்காரர் என்ற எண்ணம் அங்கேயே போய்விடும். அவர்கள் குத்தகைக்கு எடுத்த பண்ணை, இரண்டாம் உலகப் போரின்போது முகாமில் அடைக்கப்பட்ட முனெமிட்சு என்ற ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்துடையது என்பதையும் விடக்கூடாது.

இரண்டாம் நாள் பள்ளி வாசல். மென்டெஸ் பிள்ளைகளின் அத்தை சோலேடாட் விடாவ்ரி ஐந்து பிள்ளைகளைச் சேர்க்க அழைத்துப் போகிறார். வெளுத்த நிறமும் விடாவ்ரி என்ற குடும்பப் பெயரும் கொண்ட அவருடைய இரண்டு பெண்களுக்கு இடமுண்டு. மென்டெஸ் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் 'மெக்சிகன்' பள்ளிக்குப் போக வேண்டுமாம். ஆங்கிலம் தெரியாததால்தான் பிரிக்கிறோம் என்று பள்ளி நிர்வாகங்கள் வாதாடின. அந்த மொழித் தேர்வுகள் அவசரமானவை, மேலோட்டமானவை, சில சமயம் பெயரைப் பார்த்தே முடிவு செய்தவை என்று 1946-இல் நீதிபதி பால் மெக்கார்மிக் கண்டார். அந்தப் பகுதியை மாணவர்களே உரக்க வாசிக்க வேண்டும். சுருக்கம் சொன்னால் சூடு இறங்கிவிடும்.

மூன்றாம் நாளில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "இந்த வழக்கு இனப் பிரிவினையை ஒழித்தது" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். கட்டடமும் புத்தகமும் சமமாக இருந்தால் போதாது என்று மெக்கார்மிக் சொன்னது உண்மை. ஆனால் 1947-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. பூர்வகுடிகள், சீனர், ஜப்பானியர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்க மாநிலச் சட்டம் அனுமதித்தது. அந்தப் பட்டியலில் மெக்சிகோ வம்சாவளியினர் இல்லை, ஆகவே அவர்களைப் பிரித்தது செல்லாது என்பதே அதன் தீர்ப்பு. பட்டியலில் இருந்தவர்களின் கதி என்ன என்று ஒரு மாணவராவது கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மூன்று நாளும். அதே ஆண்டு ஜூனில் அந்தச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்திட்டார். 1954-இல் அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று சொன்ன பிரவுன் வழக்கில் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அவரே. அதில் வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், மென்டெஸ் மேல்முறையீட்டிலும் ஆதரவு மனு எழுதியவர்களில் ஒருவர்.

மார்ட்டின் லூதர் கிங் பாடத்துக்கு முந்தைய வாரம் இதை வைத்தால், புதிதாக ஒரு நாள்கூடத் தேட வேண்டாம். பிரவுன் வழக்குக்கு எப்படியும் ஒதுக்கும் நேரத்தில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

— வரலாற்று ஆசிரியர், ஆரஞ்ச் கவுண்டி, கலிஃபோர்னியா