ஆஸி ஆஸ்போர்னுக்காக சனிக்கிழமை கூடுகிறோம்

மக்களே, 2025 ஜூலை 22 அன்று, பிளாக் சாபத் ராக் இசைக்குழுவின் பாடகர் ஆஸி இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து குழுவில் பார்வர்டு மழை, அதில் பல படங்கள் ஏஐ செய்தவை என்று பார்த்தாலே தெரிகிறது, தயவுசெய்து அதை நிறுத்திக்கொள்வோம். பதிலாக சனிக்கிழமை இரவு 9 மணிக்கு குழு அழைப்பில் வாருங்கள், சேர்ந்து பாட்டு கேட்போம்.

ஜூலை 5 பர்மிங்ஹாம் வில்லா பார்க் கச்சேரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார், 'மாமா ஐ'ம் கமிங் ஹோம்' வரும்போது குரல் தழுதழுக்கிறது, ஆனாலும் மனுஷன் விடவில்லை. சொந்த ஊரில், பிளாக் சாபத்தின் பழைய கூட்டாளிகள் டோனி ஐயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் மூவரோடும் மேடையேறி விடைபெற்ற 17 நாளில் போய்விட்டார்.

அப்புறம் 1970-இல் வந்த பிளாக் சாபத் முதல் ஆல்பம். மழைச் சத்தம், தேவாலய மணி, அதற்குமேல் ஐயோமியின் அந்தக் கனத்த கிட்டார். இதை ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்பது பாவம். அதே வருடம் வந்த அடுத்த ஆல்பம் 'பாரனாய்ட்'-இல் உள்ள 'அயர்ன் மேன்' பாட்டில் கிட்டார் போகிற மெட்டிலேயே ஆஸியின் குரலும் போவதைக் கவனியுங்கள். பெரிய சங்கதியெல்லாம் போடுகிற பாடகர் இல்லை அவர், ஆனால் அந்தக் குரலை ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அழைப்புக்கு வர முடியாதவர்கள் பிடித்த பாட்டைப் பற்றி ஒரு நிமிட வாய்ஸ் நோட் போடுங்கள், ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். 1982-இல் மேடையில் வௌவால் தலையைக் கடித்த கதையை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம், சரியா? அது எல்லாருக்கும் மனப்பாடம்.