கிளையா வெறும் பசை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் மூளையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். தமிழில் இந்த விசயங்களை எழுதுபவர்கள் குறைவு, அதனால் முதலில் என் நன்றி. ஆனால் இரண்டு இடங்களைத் திருத்தியே ஆக வேண்டும்.

நரம்புக்கலங்களைவிட, மூளையில் அவற்றைச் சூழ்ந்து துணைநிற்கும் கிளையாக் கலங்கள் பத்து மடங்கு அதிகம் என்கிறது கட்டுரை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நானும் பல வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். அது பழைய கணக்கு. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் மூளைத் திசுவைக் கரைத்து, அதிலுள்ள கலக்கருக்களை எண்ணினார்கள். நரம்புக்கலங்கள் சுமார் 86 பில்லியன், கிளையா உட்பட மற்றக் கலங்களெல்லாம் சேர்ந்தும் கிட்டத்தட்ட அதேயளவு என்று வந்தது.

அடுத்தது, கிளையா என்பது நரம்புக்கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பசை மட்டுமே என்ற வரி. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குப் பசை என்பதுதான் பொருள். 1856இல் ஜெர்மன் வைத்தியர் விர்ஷோ வைத்த பெயர் அது. அவர் காலத்தில் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. இன்று நிலைமை வேறு. உடு வடிவான அஸ்ட்ரோசைட் என்ற கிளையாக் கலங்கள் ஒரு பக்கம் இரத்தக்குழாயையும் மறுபக்கம் நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடங்களையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. செய்தி கடத்தியபின் மிஞ்சும் குளுட்டமேற் என்ற இரசாயனத்தை உறிஞ்சி எடுப்பது அவைதான். அது தேங்கினால் நரம்புக்கலமே சாகும். ஒலிகோடென்ட்ரோசைட் என்ற இன்னொரு வகைக் கிளையாக் கலம் ஒன்றே பல நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றுகிறது. அந்த உறை சிதைவதால்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிக்குக் கண் மங்குவதும் கால் மரத்துப்போவதும். மைக்ரோகிளையா என்ற மூன்றாவது வகை கிருமியையும் செத்த கலங்களையும் விழுங்குகிறது. பிள்ளைப் பருவத்தில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் சின்னண்ணாவின் மூளையில் கட்டி கண்டார்கள். வைத்தியர் கிளையோமா, அதாவது கிளையாக் கலங்களில் தோன்றும் கட்டி, என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "நரம்பிலயா வந்தது? அப்ப நினைவெல்லாம் போயிடுமா?" என்று கேட்டார். கிளையா என்ற சொல்லையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். வளர்ந்தவர்களின் நரம்புக்கலங்கள் பொதுவாகப் பிரிந்து பெருகுவதில்லை. கிளையாவும் அதன் முன்னோடிக் கலங்களும் பெருகக்கூடியவை. பெரியவர்களுக்கு மூளையிலேயே தொடங்கும் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை கிளையோமாவாக இருப்பது அதனால்தான். நினைவு போகுமா என்பது கட்டி எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை விளங்கப்படுத்த எனக்கு ஓர் இரவு முழுக்கச் சென்றது. பாவம், அண்ணி அழுதுகொண்டே கேட்டார்.

இப்படியான குடும்பங்களும் உங்கள் பத்திரிகையைத்தான் வாசிக்கின்றன. ஆகவே திருத்தத்தை ஒரு மூலையில் போடாமல், படத்துடன் அரைப் பக்கமாவது ஒதுக்கிப் போடுங்கள். பாடப்புத்தகச் சொல்லையும் வைத்தியசாலையில் காதில் விழும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் நல்லது. விரும்பினால் படங்களை நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.