வளைவின் அடியில் நிற்காதே

சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு, அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

இரண்டு மாதத்திற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த ஒரே படத்தை, யூட்டா பாலைவனத்து மணற்கல் வளைவின் அடியில் நீ நிற்கும் அந்தப் படத்தை, ஆத்தா முகப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மருமகளைக் காணோமே, படம் எடுத்தது அவளா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: வளைவின் அடியில் நிற்காதே.

பாலைவனம் என்பதால் காற்றுதான் குடைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்ததில், பெரும்பகுதி வேலை தண்ணீருடையது. பூமிக்கடியில் உள்ள உப்புப் படுகை நகர்ந்ததால் மேற்பாறை பிளந்து, வரிசை வரிசையான மெல்லிய சுவர்களாக நின்றிருக்கிறது. அங்கே பெய்யும் சொற்ப மழை விரிசலில் இறங்கி, மணலைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குளிரில் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துப் பாறையை நெம்புகிறது. மேலிருக்கும் பாரமே மணலை இறுக்கி வளைவை நிறுத்துகிறது என்று 2014இல் ஆராய்ந்து சொல்லியிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் தம்பி, அதே யூட்டாவில் 90 மீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும் லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991 செப்டம்பர் 1 அன்று 18 மீட்டர் நீளப் பாளம் விழுந்தது. அடியிலிருந்தவர்கள் முறியும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அங்கேயே இருந்த ‘வால்’ (Wall) என்ற இன்னொரு வளைவோ 2008 ஆகஸ்டில் ஓர் இரவு யாரும் பார்க்காமலே இடிந்தது. வீட்டிலேயே முதலில் கடல் கடந்து படித்தவன் நீ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். இதை நான் சொல்லியா நீ தெரிந்துகொள்ள வேண்டும்? அடியில் நிற்காதே.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இரண்டாங்கட்டுச் சுவர் இப்போது இல்லை. ஓடு விலகி மழைநீர் இறங்குவது இரண்டு வருடமாக எனக்குத் தெரியும். தொட்டால் சுண்ணாம்பு விட்டுப்போன மணல் விரலில் ஒட்டும், வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். பங்காளிகளிடம் செலவுக்குக் கேட்கக் கூசி, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஐப்பசி மழையில் விழுந்தது. அந்த இடத்தில் வற்றல் எடுத்துக்கொண்டிருந்த ஆத்தா அப்போதுதான் அடுப்படிக்குப் போயிருந்தாள். உனக்குச் சொல்ல வேண்டாமென்று அவளைத் தடுத்ததும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேசு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பச்சி