அடியைப் பார்த்து வாங்கு மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு
ஆவணி

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னதை நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் ரெண்டு பக்கத்தையும் சைக்கிள் ஓட என்ன சப்பாத்துப் போடுவது என்கிற கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறாய். நல்லது, அப்படியே இரு. மச்சாள் சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறா என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் சின்னனிலேயே தொதல் களவெடுத்தவன்தானே, பூட்டினாலும் எடுப்பான்" என்று சிரிக்கிறா. அவவின் முழங்கால் நோவில் மாற்றம் இல்லை. மகள் இந்த முறை உயர்தரம் எடுக்கிறா. வீட்டில் டிவி இல்லை, பாட்டு இல்லை, எனக்கு வாயும் இல்லை.

இங்கே கச்சான் காற்று அடித்துத் தள்ளுகிறது. சிறுபோக வேளாண்மை வெட்டும் நடக்கிறது. வெட்டு மெசினும் நெல் ஏற்றுகிற உழவு மெசினும் ஓடி ஓடி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக் கிரவல் ரோட்டுகள் கிளறுண்டுபோய்க் கிடக்கின்றன. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்து நிற்கிற சோலி இல்லை. ஆரையம்பதி தாண்டிக் கிறுகினால் நேரே கொக்கட்டிச்சோலை. அங்கிருந்து நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் சைக்கிளில் போகிற ரோட்டில்தான் கல்லும் புழுதியும். ஆகவே நீ கேட்ட கேள்வி எனக்கும் தினம் காலுக்குக் கீழே இருக்கிற கேள்விதான்.

உன் நிலைமையை நான் விளங்கிக்கொண்டது இப்படி. ஆணி வைத்த தட்டைப் பெடல் பூட்டிய பழைய மவுண்டன் பைக் ஒன்று. பண்டாரவளையில் தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளில் இறங்கும்போது கால் பெடலை விட்டு எகிறுகிறது. லண்டனிலிருந்து தம்பி அனுப்பிய ஓடுகிற சப்பாத்துத்தான் போடுகிறாய். சைக்கிள் கடைக்காரர், காலைப் பெடலோடு பூட்டி வைக்கிற கிளிப் சப்பாத்து வாங்கச் சொல்கிறார். உனக்கோ, போட்டுக்கொண்டு வங்கிக்கும் போகக்கூடிய சாதாரணச் சப்பாத்து ஒன்று காணும்.

கிளிப் சப்பாத்தை விடு. அது கெட்ட சாமான் இல்லை. நீண்ட தூரம் மிதிக்கிறவர்களுக்கும் போட்டி ஓடுகிறவர்களுக்கும் அதில் லாபம் உண்டு. ஆனால் அடியில் இரும்புத் துண்டு பூட்டிய சப்பாத்தோடு சீமெந்துத் தரையில் நடந்து பார், ஆசிரியர் அறையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பின்னேரம் திரும்பி வரும்போது ரோட்டோரப் பற்றைக்குள் யானை நின்றால் யோசிக்காமல் காலை நிலத்தில் ஊன்றிச் சைக்கிளைத் திருப்ப வேண்டும். குதிக்காலை வெளிப்பக்கம் முறுக்கிக் கிளிப்பைக் கழற்ற அந்த நேரத்தில் மூளை வேலை செய்யுமா? உன் பக்கம் யானை இல்லை, ஆனால் கானும் கல்லும் இருக்கிறதே. தட்டைப் பெடலில் ஓடுவது பழகுகிறவர்களின் வேலை என்று அந்தக் கடைக்காரர் சொன்னால், அவுஸ்திரேலியாக்காரன் சாம் ஹில் 2017, 2018, 2019 மூன்று வருசமும் எண்டியூரோ வேர்ல்ட் சீரிஸ் என்கிற மவுண்டன் பைக் போட்டித் தொடரின் பட்டத்தைத் தட்டைப் பெடலில்தான் எடுத்தான் என்று சொல்லு.

இப்போது உன் ஓடுகிற சப்பாத்து. ஓடுகிறவனின் குதிக்கால் நிலத்தில் அடிபடும்போது அந்த அடியை வாங்குவதற்குத்தான் அதற்குள் தடித்த பஞ்சு வைத்திருக்கிறது. பெடலில் நீ கொடுக்கிற மிதியையும் அதே பஞ்சு கொஞ்சம் விழுங்கும். அதைவிடப் பெரிய கரைச்சல் அடிப்பக்கம். சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்: நடுப்பாதத்தில் அடி மேலே வளைந்திருக்கும், முன்பக்கம் கட்டை கட்டையாய் றப்பர், இடையில் அகலமான பள்ளம். பெடலில் இருக்கிற ஆணிகளில் பாதி அந்தப் பள்ளத்துக்குள் சும்மா நிற்கும், மீதி கட்டைகளின் ஓரத்தில் பட்டு வழுகும். சரிவில் சைக்கிள் துள்ளும்போது கால் எகிறுவது அதனால்தான். அடி இளகி வளைவதால் பாதம் பெடலின் விளிம்பைச் சுற்றி மடியும். இறங்கி முடியும்போது உள்ளங்கால் உளைகிறது என்று எழுதியிருந்தாயே, காரணம் அதுதான்.

மலையேறுகிற பூட்சும் சரிவராது. அடி விறைப்பாய் இருக்கும், அது நல்லதுதான். ஆனால் பள்ளங்கள் இன்னும் ஆழம், றப்பரும் கடினம், பெடல் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் கன்வஸ் இதற்கு நேரெதிர்: அடி தட்டை, ஆனால் மெல்லிசு. ஒவ்வோர் ஆணியையும் தனித்தனியே எண்ணலாம்.

வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாமான். குதிக்காலிலிருந்து விரல் வரைக்கும் ஒரே மட்டமான அடி, ஆழமில்லாத நெருக்கமான கோலம், மெத்தென்ற றப்பர். சறுக்குப் பலகை (ஸ்கேட்போட்) விடுகிற பொடியன்கள் போடுகிற சப்பாத்து அந்த வகை. அவர்களுக்கும் இதே பிரச்சினைதானே, கட்டு ஒன்றும் இல்லாமல் கால் பலகையில் ஒட்டி நிற்க வேண்டும். வான்ஸ் கொம்பனி 1966இல் கலிபோர்னியாவின் அனாஹைமில் தொடங்கியபோது அதன் பெயரிலேயே றப்பர் கொம்பனி என்று இருந்தது. அந்தச் சப்பாத்துகளின் அடியில் இருக்கிற கட்டம் கட்டமான கோலத்துக்காக எழுபதுகளில் சறுக்குப் பலகைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மறுகா சைக்கிள்காரரும் பிடித்துக்கொண்டார்கள்.

தட்டைப் பெடலுக்கென்றே செய்கிற சப்பாத்தில் பேர்போனது ஃபைவ் டென். 1985இல் பாறை ஏறுகிறவர்களுக்குச் சப்பாத்துச் செய்யத் தொடங்கிய கொம்பனி அது. 2011இல் அடிடாஸ் வாங்கிவிட்டது. பாறையில் ஒட்டுவதற்குச் செய்த றப்பரையே சைக்கிள் சப்பாத்தின் அடியிலும் போட்டார்கள். ஆணி அதற்குள் இறங்கினால் காலைத் தூக்கித்தான் இடம் மாற்ற வேண்டும், இழுத்து மாற்ற முடியாது என்பார்கள். யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் மாசச் சம்பளத்தில் டொலர் கணக்குப் பார்த்து வாங்குகிற அளவுக்கு உன் தோட்டத்து ரோட்டு இன்னும் கேட்கவில்லை என்பது என் எண்ணம். முதலில் சாதாரணச் சறுக்குப் பலகை மாதிரிச் சோடி ஒன்றைப் போட்டு ஓடு.

அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் மெல்லிய அடியைத் துணியோடு ஒட்டி, சுற்றிவர றப்பர் நாடா ஓடவிட்டிருப்பார்கள். பெடல் காலுக்கு நன்றாக விளங்கும், ஆனால் சீக்கிரம் வளையும். மற்றதில் அடி ஒரு கிண்ணம் மாதிரி மேல்பாகத்தை ஏந்தி நிற்கும், ஓரத்தில் சுற்றிவர நூல் தைத்திருக்கும். நீ இந்த இரண்டாவதை எடு. உன் உடம்புக்கு விறைப்பான அடிதான் நிற்கும். (கோபிக்காதே, மச்சாள் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.)

நான் இப்போது போடுகிற சோடியை வாங்கப் போனபோது பெடல் ஒன்றைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனேன். கடையில் நிற்கிற பொடியன் என்னிடம் படித்தவன். "சேர், சைக்கிளுக்கா சப்பாத்துப் போடப்போறீங்க?" என்றான். ஒவ்வொரு சோடியாய் எடுத்துப் பெடலின் மேல் அழுத்தி, பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். பளபளவென்று இருந்த ஒன்று ஆணியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. அதன் அடி கடினமான பிளாஸ்டிக். பெரிய பெயரைப் போட்டு வருகிற போலிகளில் அநேகமாய் அந்த அடிதான், ஈரத்தில் இன்னும் மோசம். பெருவிரல் நகத்தால் அடியை அழுத்திப் பார்: நகம் கொஞ்சமும் இறங்காவிட்டால் திருப்பிக் கொடு. பிறகு முன்னையும் குதியையும் பிடித்து வளை. விரல் மடிகிற இடத்தில் வளைந்தால் சரி, நடுவில் மடிந்தால் சரியில்லை. கடைசியில் எனக்கு அகப்பட்டது கறுப்பு நிறத்தில் பெயர் தெரியாத ஒரு சோடி. களுசானோடு போட்டால் அதிபருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பொடியன் இப்போது வாற ஆட்களுக்கெல்லாம் நகத்தால் அழுத்திக் காட்டி விற்கிறானாம்.

வெளிநாட்டுச் சப்பாத்து என்றதும் ஒரு விசயம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மகன் அனுப்பிய விலை கூடிய சோடி, நல்ல நாளுக்கென்று அலுமாரியில் பெட்டியோடேயே கிடந்தது. கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கினார், அடி பிட்டுப் பிட்டாய் உதிர்ந்துவிட்டது. பாவம், அவர் அனுப்பினவனைப் பேசுகிறார். பொலியுரித்தேன் என்கிற ஒரு வகை அடி, போடாமல் வைத்தாலும் நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். சுத்த றப்பர் அடிக்கு அது வராது. ஆகவே யாரோ வைத்திருந்த பழைய சோடி மலிவாய்க் கிடைக்கிறது என்றால், வாங்குவதற்கு முன் நன்றாய் வளைத்துப் பார்.

உன் வருத்தத்துக்கு இனிச் சொல்லப்போவது இன்னும் முக்கியம், மச்சான். செருப்போடு அந்தச் சைக்கிளில் ஏறாதே, கடைக்குப் போவதென்றாலும் சரி. வழுகினால் ஆணி முதலில் தேடிப் பிடிப்பது கணைக்கால் எலும்பைத்தான். நமக்கு அது ரெண்டு நாள் எரிவு, சீனி வருத்தக்காரனுக்குப் புண் ஆற நாள் எடுக்கும். உதைபந்துக்காரர் போடுகிற கால் தகட்டை நீண்ட மேசுக்குள் செருகிக்கொள், வெட்கப்படாதே. சப்பாத்தைப் பின்னேரத்தில் போய் வாங்கு; பகல் முழுக்க நின்ற கால் அப்போது வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. விரல் விறைத்தால் இறங்கி நூலைத் தளர்த்து. வீட்டுக்கு வந்ததும் பாதத்தை அடிப்பக்கம் உட்பட ஒருக்கால் பார்த்துவிடு, கிளினிக்கில் உனக்கு இதைச் சொல்லியிருப்பார்கள். நூலின் மிச்சத்தை முடிச்சுக்குள் செருகி வை. வலது பக்கம் செயின் இழுத்தால் நீ நிலத்தில்.

சப்பாத்து பாதி, கால் வைக்கிற விதம் பாதி. விரல் நுனியால் மிதிக்காதே. பெருவிரலின் அடிமொளி பெடலின் அச்சுக்கு நேரே, அல்லது கொஞ்சம் முன்னால் வரட்டும். சரிவில் இறங்கும்போது எழும்பி நின்று இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்துக் குதிக்காலைத் தாழ்த்து. கல்லில் ஏறி விழும்போது பாதம் பெடலுக்குள் அமரும், வெளியே எகிறாது. இதை முதலில் வீட்டு முன்னுக்குப் பழகு.

அங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையில் எந்தச் சப்பாத்தும் நனையும். தண்ணீர் புகாது என்று விற்கிறதுக்குள்ளும் கணுக்கால் வழியே புகும், புகுந்தது வெளியே போகாது. சீக்கிரம் காய்கிற துணிதான் நல்லம். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து நிழலில் வை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்றைக் கவனி: இடது பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கம். சாவியைப் போட்டுச் சைக்கிளின் முன்பக்கம் பார்த்துத் திருப்பினால் வலதும் இறுகும், இடதும் இறுகும். பின்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஆணிகளில் தேய்ந்தவை இருந்தால் மாற்றிப் போடு, சின்ன அலன் கீ காணும்.

தை பிறந்து மழை விட்டதும் வா. செங்கலடி வரைக்கும் பதுளை ரோட்டில் பஸ்ஸில் வரலாம், சைக்கிளை மேலே ஏற்றச் சொல்லு. தாந்தாமலைக்கு ஒருநாள் விடியப்புறம் வெளிக்கிடுவோம், வெயில் ஏற முன் கோயிலடிக்குப் போய்விடலாம். அதுக்கு முன்னால் உன் பாதத்தைப் பின்னேரம் ஒரு கடுதாசியில் வைத்துக் கோடு இழுத்து அனுப்பு, ரெண்டு காலும். வாற மாசம் புதுச் சரக்கு வரும்போது உனக்கு ஒரு சோடி எடுத்து வைக்கிறேன் என்று கடைப் பொடியன் சொல்லியிருக்கிறான். நிறம் மட்டும் மச்சாளிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் கல்லடிக்காரன்